பத்து மடங்குக்காரர் வாங்கிய கரண்டுப் பெட்டி

அவருக்கும் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் முப்பத்தாறு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்ததில் அது எங்கேயோ போய், 'பத்து மடங்கு' என்பதே நிலைத்துவிட்டது. லிஃப்ட் தொழிலில் ஒரு விதி உண்டு. எட்டுப் பேர் ஏறுகிற பெட்டி என்றால் எண்பது பேரைத் தாங்குகிற கம்பிக் கயிறு போட வேண்டும். மற்ற மெக்கானிக்குகள் அந்த விதியை வேலை முடிந்ததும் அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இந்த மனிதர் அதையும் ஸ்பேனரோடு பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

சமையலறையில் நாலு டம்ளர் வைக்க ஒரு பலகை கேட்டாள் மனைவி. அவர் அடித்துக் கொடுத்த பலகையில் ஒரு எருமையைக் கட்டித் தொங்கவிடலாம். குளியலறைக் கண்ணாடியை அசைக்க முடியாமல், வெள்ளையடிக்க வந்தவர் அதைச் சுற்றி அடித்துவிட்டுப் போனார். பத்து மணி ரயிலுக்கு ஆறு மணிக்கே பிளாட்பாரத்தில் நிற்பார். "இந்த வீடு இடிஞ்சு விழுந்தாலும் இந்தப் பலகை மட்டும் அந்தரத்துல நிக்கும்" என்பாள் மனைவி. அவர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொள்வார். நல்ல மனுஷன், பாவம்.

மனைவி பஸ் கண்டக்டராக இருந்தவள். இருபத்தேழு வருஷம். "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க!" என்று அவள் ஒரு சத்தம் போட்டால் பின்னால் வருகிற பஸ்ஸிலும் நாலு பேர் உள்ளே நகர்வார்கள் என்று டிப்போவில் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தக் குரல்தான் முதலில் போனது. நுரையீரல் கெட்டிப்பட்டுக்கொண்டு வருகிறது, இனி ஆக்ஸிஜன் இல்லாமல் முடியாது என்றார்கள் ஆஸ்பத்திரியில். காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கிற ஒரு மெஷின் வீட்டுக்கு வந்தது. தையல் மெஷின் அளவு இருக்கும், எந்நேரமும் உஸ் உஸ் என்று ஓடும். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் அவள் மூக்குக்குப் போகும். குழாய் எட்டுகிற தூரம்தான் அவள் உலகம். இரண்டு அறையும் வாசற்படியும்.

"இத்தனை வருஷம் பஸ் ஓடிச்சு, நான் நின்னேன். இப்போ இது ஓடினாத்தான் நான் நிப்பேன்" என்று மெஷினைக் காட்டிச் சொல்வாள். சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். பதினாலு மாதமாக இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அவளுக்கு ஒரே ஓர் அக்கா. தாயில்லாத வீட்டில் தங்கைக்குத் தலை வாரி விட்டு, அடித்து, ஊட்டி வளர்த்தவள். இரண்டரை மணி நேரக் கார்ப் பயணத்தில் இன்னோர் ஊரில் மகனோடு இருந்தாள். இடுப்பு எலும்பு முறிந்து கட்டிலோடு கிடந்ததால் அவளால் இங்கே வர முடியாது, குழாயை விட்டு இவளால் அங்கே போக முடியாது. தினமும் பதினோரு மணிக்கு போனில் சண்டை போட்டுக்கொள்வார்கள். சண்டை இல்லாத நாளில்தான் பத்து மடங்குக்காரருக்குக் கவலை வரும்.

ஒரு நாள் அக்கா சொன்னாள்: "இவனுக்கு வெளிநாட்டுல வேலை கிடைச்சுடுச்சு. என்னையும் கூட்டிட்டுப் போறான். இருபத்தெட்டாம் தேதி பிளைட்டு."

"திரும்பி எப்போ வருவ?"

"இந்த இடுப்ப வச்சுக்கிட்டு ஒருதரம் போறதே பெரிய பாடு. திரும்பியாம், திரும்பி!"

"சரி, போ. நான் இங்கேருந்தே கையாட்டறேன்."

"உனக்கு எப்பவுமே திமிருடி."

"உனக்கு மட்டும் என்ன குறைச்சல்?"

போனை வைத்துவிட்டு அவள் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, "ஏங்க, அவள ஒருதரம் பாக்கணும்" என்றாள். முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் அவள் அவரிடம் எதையும் கேட்டதில்லை, உத்தரவுதான் போட்டிருக்கிறாள். இப்படிக் கேட்டதும் மனிதர் எழுந்துபோய்க் காலண்டரைப் பார்த்தார். இருபத்தெட்டாம் தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போகும், அக்கா வீட்டுக்குப் போகாது. சிலிண்டர் வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் அழுத்தி அடைத்த எதையும் ஓடுகிற வண்டியில் ஏற்ற அவர் செத்தாலும் ஒப்பமாட்டார். மெஷினையே காரில் வைத்து ஓட்டினால்? அதற்குக் கரண்டு? அப்போதுதான் யாரோ பவர் ஸ்டேஷன் என்று ஒன்று வந்திருப்பதைச் சொன்னார்கள். கைப்பிடி வைத்த பெட்டி. உள்ளே பெரிய பேட்டரி. வீட்டில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு போனால் போகிற இடத்தில் சுவரில் செருகுவது போலச் செருகிக்கொள்ளலாம்.

ஒரு வாரம் மெஷினுக்கும் பிளக்குக்கும் நடுவில் மீட்டரை மாட்டி, மணிக்கு ஒருதரம் நோட்டில் எழுதினார். பிறகு நோட்டோடு கடைக்குப் போனார். கடையில் ஒரு பெண் இருந்தாள். அவளிடம் வருகிறவர்கள் எல்லாம் 'இதுல டிவி ஓடுமா, மிக்சி ஓடுமா' என்று கேட்கிறவர்கள்.

"மெஷின் மேல முந்நூத்தம்பது வாட்ஸ்னு போட்டிருக்கான்மா. நிமிஷத்துக்கு ரெண்டு லிட்டர் ஆக்ஸிஜன்ல வச்சா இருநூத்தி நாப்பதுதான் இழுக்குது. ஸ்டார்ட் ஆகறப்போ ஒரு தடவை எழுநூறு வரைக்கும் எகிறும். உங்க பெட்டி அதைத் தாங்குமா?"

பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "தாங்கும் சார். எவ்வளவு நேரம் ஓடணும்?"

"ரெண்டரை மணி காரு. ஏறி இறங்க அரை மணி. மூணு மணி."

"அப்போ மூணு மணிக்கும் சேத்து எழுநூத்தி இருபது. இந்தப் பெட்டில ஆயிரம்னு போட்டிருக்கும். ஆனா உள்ள பேட்டரிக் கரண்ட வீட்டுக் கரண்டா மாத்தறதுல கொஞ்சம் போயிடும். எண்ணூத்தம்பது கைக்கு வரும். போற இடத்துல சுவத்துல போட்டா ரெண்டு மணிக்குள்ள ஃபுல் ஆயிடும். பதினோரு கிலோதான், கையில தூக்கிடலாம். உங்களுக்கு இதுவே போதும் சார்."

அவர் சிரித்தார், குழந்தை ஏதோ உளறியதைக் கேட்டவர் மாதிரி. நோட்டில் எழுநூற்று இருபதுக்குப் பக்கத்தில் பத்தால் பெருக்கிக் காட்டினார்.

"ஏழாயிரத்தி இருநூறா? சார், அதுக்குப் பேரு பெட்டி இல்ல, லாரி."

அன்று வெறுங்கையோடு வந்தார். மறுநாளும் போனார். கடைசியில் கடையிலேயே பெரியதாக, சக்கரம் வைத்த, நாற்பத்தைந்து கிலோப் பெட்டி ஒன்றை வாங்கினார். "நாலு மடங்குதான் வருது" என்று அவர் முகம் தொங்கியதைப் பார்த்து, "நாலு மடங்குன்னாலே ரொம்ப ஜாஸ்தி சார்" என்று அந்தப் பெண் அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினாள்.

இந்த இடத்தில் அவர்கள் குடியிருந்த சந்து எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். ஊரையெல்லாம் லிஃப்டில் ஏற்றி இறக்கிய மனிதர் குடியிருந்தது பள்ளத்தில். மெயின் ரோட்டிலிருந்து வீட்டுக்கு அறுபத்தொரு படி இறங்க வேண்டும், நடுவில் ஒரு வளைவு. சந்து முழுக்கப் படிதான், சைக்கிள்கூட வராது. பெட்டியை இறக்கிவந்த இரண்டு ஆட்கள் வாசலில் வைத்துவிட்டு, "இத மேல கொண்டுபோகணும்னா எங்களக் கூப்பிடாதீங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அவருக்கா வழி தெரியாது? தூக்குவதுதானே தொழில்! ரோட்டு ஓரத்துக் கம்பத்தில் கையால் சுற்றிக் கயிறு இழுக்கிற வின்ச் ஒன்றைப் பூட்டினார். படிகளின் மேல் நீளப் பலகைகளைப் பரப்பி, அதில் ஓட ஒரு கட்டை வண்டி செய்தார். அதன்மேல் கரண்டுப் பெட்டி, பெட்டிமேல் ஆக்ஸிஜன் மெஷின். மனைவி, காலில் சிக்காத ஒரு குட்டைக் குழாயோடு, பக்கத்தில் மெதுவாகப் படியேறி வர வேண்டும். ஆள் ஏறுமுன் மணல் மூட்டை ஏற வேண்டும் என்பது லிஃப்ட் சட்டம். ஆகவே பத்து மடங்கு எடைக்கு மணல் மூட்டைகளை வண்டியில் அடுக்கி மேலும் கீழும் இழுத்துப் பார்த்தார். சந்தே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. மூட்டைகள் ராஜா மாதிரி ஏறின, ராஜா மாதிரி இறங்கின.

அடுத்து, "நீ பத்துப் படி மட்டும் ஏறிப் பாரு" என்று அவளைக் கூப்பிட்டார். ஏற்பாடெல்லாம் முடித்து, மேலே ஓடிப்போய் வின்ச்சைச் சுற்ற ஆரம்பித்தார். அவள் ஐந்து படி ஏறினாள். ஆறாவது படியில் மூச்சு வாங்கி நின்றாள். வண்டி நிற்கவில்லை. வளைவுக்கு மேலே இருந்தவருக்குக் கீழே நடப்பது தெரியவும் இல்லை. குழாய் விறைத்து, மெஷினிலிருந்து பிடுங்கிக்கொண்டது. ஒரு பஸ்ஸையே அதட்டிய அந்தப் பெண்ணுக்கு 'நிறுத்துங்க' என்று கத்தக் குரல் எழும்பவில்லை. எதிர்வீட்டுக்காரிதான் பார்த்துவிட்டு, "ஐயையோ, நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று அலறினாள்.

வின்ச்சைப் பூட்டிவிட்டு அவர் அத்தனை படியையும் எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. வந்து பார்த்தால், அவள் படியில் உட்கார்ந்தபடியே எக்கி, தன் கையாலேயே குழாயைத் திரும்பச் செருகிக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. அவர் அப்படியே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

மூச்சு நிலைக்கு வந்த பிறகு அவள் சொன்னாள்: "மூட்டை மூச்சு வாங்க நிக்காதுங்க. நான் நிப்பேன். அது உங்க கணக்குல எங்க இருக்கு?"

அவள் கரண்டுப் பெட்டியைக் கையால் தட்டினாள்.

"இத மாத்திட்டு வாங்க. நீங்க கையில தூக்கிட்டு என் பக்கத்துல வர்ற மாதிரி ஒண்ணு. மெஷினத் தூக்க இன்னொரு ஆளு போதும்."

"அது ஒண்ணே கால் மடங்குகூட வராதும்மா. வழியில நின்னுபோச்சுன்னா?"

"நாலு பேரு தூக்கிட்டுப் போற நாளு ஒண்ணு வரும், அப்போ நீங்க எத்தனை மடங்கு வேணும்னாலும் கயிறு கட்டிக்கோங்க. இப்போ நான் நடந்து போய் எங்கக்காவப் பாக்கணும்."

"அப்படிப் பேசாத."

"பதினாலு மாசமா பத்திரமாத்தாங்க இருக்கேன். பத்திரமா இருந்து இருந்து, என்னப் பெத்த மாதிரி வளத்தவளப் பாக்காமலே விட்டுடுவேன் போலிருக்கு."

சொல்லிவிட்டு அழுதாள். அவள் அழுது அவர் பார்த்ததில்லை. மறுநாளே அவர் கடைக்குப் போனார்.

கடைப் பெண் மறுபேச்சில்லாமல் பெட்டியை மாற்றிக் கொடுத்தாள். பெரிய பெட்டியைத் திரும்ப ஏற்றியது வின்ச்தான், அந்தமட்டுக்கும் அது வீணாகவில்லை. "வழியில இதுல போன் சார்ஜ் போடாதீங்க. வெளிச்சம் எல்லாம் அணைச்சுடுங்க. காருல சிகரெட் பத்தவைக்கற ஓட்டை இருந்தா அதுலேருந்தும் கொஞ்சம் ஏத்திக்கலாம்" என்றாள். பிறகு, "போயிட்டு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க சார். எனக்கும் மனசு அடிச்சுக்கும்" என்றாள். அவருக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தார்.

கார் கொண்டுவந்தவர் அவளோடு ஒன்பது வருஷம் ஒரே பஸ்ஸில் ஓடிய ஓட்டுநர். ஓய்வுக்குப் பிறகு ஒரு பழைய காரை வைத்து வாடகைக்கு ஓட்டுகிறார். சிகரெட் ஓட்டை அந்தக் காரில் என்றைக்கோ கருகிப்போயிருந்தது. இருபத்தைந்தாம் தேதி காலை ஒன்பது மணிக்குப் படியேறத் தொடங்கினார்கள். ஓட்டுநர் தோளில் மெஷின், கணவர் கையில் பெட்டி, நடுவில் அவள். ஐந்து படி, நிறுத்தம். ஐந்து படி, நிறுத்தம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எந்த வீட்டிலிருந்தாவது ஒரு நாற்காலி வந்தது. வளைவில் அவள் நாற்காலியில் உட்கார்ந்து, "பத்து நிமிஷம் வண்டி நிக்கும், டீ குடிக்கறவங்க குடிக்கலாம்" என்று மெல்லிய குரலில் சொன்னாள். சந்தே சிரித்தது. எதிர்வீட்டுக்காரி மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

காரில் ஏறி எல்லாரும் உட்கார்ந்தும் வண்டி கிளம்பவில்லை. "என்ன?" என்றார் இவர்.

"கண்டக்டரம்மா இன்னும் சொல்லலியே" என்றார் ஓட்டுநர்.

"ரைட், போலாம்" என்றாள் அவள்.

வழியெல்லாம் அவள் ஜன்னலைப் பார்த்தாள், அவர் பெட்டியைப் பார்த்தார். எண்பது சதவீதம். அறுபத்தைந்து. ஐம்பது. கணக்குப்படிதான் இறங்கியது. முப்பத்து மூன்றில் ஒரு ரயில்வே கேட் மூடிக்கொண்டது. சரக்கு ரயில். அது போய், எதிர்ப்பக்கம் இன்னொன்று வந்தது. இருபது நிமிஷம். அவர் இறங்கிப் போய் கேட்காரரிடம் கெஞ்சினார். கேட்காரர் என்ன செய்வார், ரயிலையா தூக்கி நகர்த்த முடியும்? திரும்பிவந்து உட்கார்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு இருக்கு?" என்றாள்.

"நிறைய இருக்கு" என்றார். இருபத்தி நாலு இருந்தது.

அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் அவர் பெட்டியைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தது எவ்வளவு பெரிய காரியம் என்று லிஃப்ட்காரர்களுக்குத்தான் புரியும்.

அக்கா வீட்டு வாசலில் இறங்கியபோது ஏழு காட்டியது. மகன் ஓடிவந்து மெஷினை வாங்கி உள்ளே சுவரில் செருகினான். பெட்டியையும் கட்டில் ஓரத்திலேயே இன்னொரு பிளக்கில் சார்ஜ் போட்டார்கள். மணி பன்னிரண்டரை. அறை முழுக்கக் கட்டி வைத்த சூட்கேஸ்கள். நடுவில் கட்டிலில் அக்கா, குச்சி மாதிரி.

"என்னடி இப்படி இளைச்சுட்ட?" என்றாள் அக்கா.

"நீ மட்டும் என்னவாம்? தலையணைக்கும் உனக்கும் வித்தியாசம் தெரியல."

"குழாய வேற மாட்டிக்கிட்டு வந்திருக்கா. சின்னதுலயே உனக்கு மூக்கு ஒழுகும்."

அவ்வளவுதான் சண்டை. தங்கை கட்டிலில் ஏறி அக்கா பக்கத்தில் படுத்துக்கொண்டாள். அக்கா அவள் தலைமுடியைக் கோத ஆரம்பித்தாள். அப்புறம் இருவரும் என்ன பேசினார்கள் என்று யாருக்கும் கேட்கவில்லை. நடுநடுவே சிரிப்பு மட்டும் கேட்டது. எதிரே நாற்காலியில் பத்து மடங்குக்காரர் உட்கார்ந்திருந்தார். சார்ஜ் ஏறியதும் கிளம்ப வேண்டும் என்பது பேச்சு. இருட்டுமுன் படியிறங்கியாக வேண்டும்.

இரண்டரை மணிக்கு, சார்ஜ் ஏறும்வரை ஓடுகிற பெட்டி விசிறியின் சத்தம் நின்றது. நூறு. அவர் கட்டிலைப் பார்த்தார். தங்கை அக்காவின் தோளில் முகத்தை வைத்து, குழாய் ஒரு பக்கம் சரிய, ஏதோ கதை கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பெட்டிமேல் போட்டார்.

மூன்றரைக்கு ஓட்டுநர் வாசலில் தலையை நீட்டினார். "கிளம்பலாமா சார்?"

"இன்னும் ஏறலப்பா. எழுபத்தி ரெண்டுலதான் நிக்குது."

முப்பத்தாறு வருஷத்தில் ஓர் எண்ணைக்கூட மாற்றி எழுதாத மனிதர். காது இரண்டும் சிவந்துவிட்டன. நாலரைக்கு மறுபடி கேட்டார்கள். "எண்பத்தி ஒண்ணு. இங்க கரண்டு கொஞ்சம் வீக்கு" என்றார். மகன் சந்தேகத்தோடு வந்து துண்டைத் தூக்கிப் பார்த்தான். அவரைப் பார்த்தான். துண்டைப் பழையபடி மூடிவிட்டு, எல்லாருக்கும் டீ போட உள்ளே போனான்.

ஐந்தரைக்கு வெயில் சூட்கேஸ்களை விட்டு இறங்கிவிட்டது. இனித் தாங்காது. அவர் எழுந்தார். நாற்காலி கிறீச்சிட்டதும் கட்டிலில் பேச்சு நின்றது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"ஏறிடுச்சு" என்றார். "கிளம்பணும்."

துண்டை எடுத்தார். குனிந்து, பிளக்கைப் பிடுங்கக் கை வைத்தார்.

"தம்பி" என்று அக்கா கூப்பிட்டாள்.

"சொல்லுங்கக்கா."

"எனக்கு இடுப்புதான் போச்சு, காது நல்லாக் கேக்கும். ரெண்டரை மணிக்கே அது சத்தம் போடறத நிறுத்திடுச்சு."

அவர் குனிந்தபடியே நின்றார். நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. தங்கையின் விரல்களைத் தன் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அக்கா மெதுவாகச் சொன்னாள்:

"இன்னும் கொஞ்சம் ஏறட்டுமே, தம்பி."

அவர் பிளக்கை விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.